நாகமலை மேல்டிவிசனின் இருபத்துநான்கு இளைஞர்கள்

செல்லசாமிக்கு வயது ஐம்பத்துமூன்று. முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. மீசையில் கறுப்பு மயிரைத் தேடித்தான் எடுக்க வேண்டும். உத்தியோகத்தின் பெயர் மட்டும் இளைஞர் உத்தியோகத்தர். கழுத்தில் தொங்கும் அட்டையில் அப்படித்தான் அச்சடித்திருக்கும். ஒருமுறை டிக்கோயா பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெண் அந்த அட்டையைப் படித்துவிட்டு, "இது உங்க மகனோட கார்டுங்களா?" என்று கேட்டாள்.

"மகனுக்கு இந்த வேலையச் செய்யத் தெம்பு பத்தாதும்மா" என்றார் செல்லசாமி.

பஸ் முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். இறங்கி நடக்கும்போதுதான் உடம்பில் மிச்சமிருந்த தெம்பு எவ்வளவு என்று அவருக்கே கொஞ்சம் யோசனையாக இருந்தது.

அவர் யாருடைய சிபாரிசிலும் வந்தவரில்லை. றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான ஒரு லயத்துக் காம்பராவில் பிறந்து, ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். "நின்னுபோச்சு" என்று சொல்லமாட்டார்; "போதும்னு விட்டேன்" என்றுதான் சொல்வார். பதின்மூன்று வயதில் கொழும்புக்குப் போய்ச் சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவினார். அங்கேயே சிங்களம் கற்றார், லொறிக்காரர்களிடம் கெஞ்சி வண்டி ஓட்டக் கற்றார். இருபத்தேழு வயதில் ஹட்டனுக்குத் திரும்பி வந்து, தோட்டத்து இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற 'முகடு' நிறுவனத்தில் வேன் சாரதியாகச் சேர்ந்தார்.

சாரதி எப்படி உத்தியோகத்தர் ஆனார் என்பதை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்காவிட்டாலும் சொல்வார்.

ஒரு மழைக்காலம். பயிற்சிக்காக நாற்பது பிள்ளைகள் மண்டபத்தில் காத்திருக்கிறார்கள். கண்டியிலிருந்து வரவேண்டிய விரிவுரையாளர், வழியில் மண் சரிந்து நடு ரோட்டில் மாட்டிக்கொண்டார். பணிப்பாளர் கையைப் பிசைகிறார். வேனைத் துடைத்துக்கொண்டிருந்த செல்லசாமி உள்ளே போய், "உங்கள்ல எத்தன பேருக்கு அடையாள அட்டை இருக்கு? கையத் தூக்குங்க பாப்போம்" என்றார். பதினொரு கை உயர்ந்தது. மிச்சம் இருபத்தொன்பது பேரின் பெயர், பிறந்த தோட்டம், பிறப்புச் சான்றிதழ் உண்டா இல்லையா என்று பின்னேரம் வரைக்கும் ஒரு பழைய கொப்பியில் எழுதினார். மூன்று மாதத்துக்குள் இருபத்தொன்பது பேருக்கும் அட்டை எடுத்துக் கொடுத்துவிட்டார். கிராம சேவகரைப் பார்த்தார், பதிவாளரைப் பார்த்தார், ஒரு தோட்டத்துத் துரையின் பங்களா வாசலில் இரண்டு நாள் நின்றார். "அந்த லெக்சரர் வந்திருந்தா அன்னைக்கு அந்தப் புள்ளைங்களுக்குத் தலைமைத்துவம்னா என்னன்னு தெரிஞ்சிருக்கும். அட்டை கெடைச்சிருக்காது" என்பது அவருடைய முடிவுரை.

அதன்பிறகு இருபத்தாறு வருடம். ஆயிரத்து நூறு பேருக்கு அட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறார். பட்டம் படித்துவிட்டு வந்த ஏழெட்டுப் பேருக்குத் தோட்டத்துக்குள் எப்படி நடப்பது, தோட்டத்து மேற்பார்வை அதிகாரியான கண்டாக்கையாவிடம் எப்படிப் பேசுவது என்பதே இவர் முதுகைப் பார்த்துத்தான் தெரிந்தது. அவர்களெல்லாம் இரண்டு வருடத்தில் பெரிய நிறுவனங்களுக்குப் போய்விட்டார்கள். இரண்டு பேர் கனடாவில் இருக்கிறார்கள்.

செல்லசாமி அங்கேயேதான் இருந்தார். ஒவ்வொரு திட்டத்துக்கும் வெளிநாட்டிலிருந்து உதவி வரும். இரண்டு வருடம், மிஞ்சினால் மூன்று வருடம். திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது. அடுத்த திட்டம் வந்தால் கூப்பிடுவார்கள், புதுப் பதவிப் பெயர் கொடுப்பார்கள். சமூக அணிதிரட்டுநர், வாழ்வாதார உதவியாளர், வலுவூட்டல் வசதிப்படுத்துநர் என்று எட்டுப் பெயர் மாறிவிட்டது. செய்தது ஒரே வேலை: அதே மலை ஏறுவது, அதே லயத்துக் கதவைத் தட்டுவது, "பையன் இருக்கானாங்க?" என்று கேட்பது. ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு டீசேர்ட் கொடுப்பார்கள். அவருடைய மனைவி பிரியந்தி அவற்றில் நான்கை அடுப்படித் துணியாக்கிவிட்டாள்.

இந்த வருடம்தான் ஒரு வழி திறந்தது. 'முகடு' நிறுவனம் முதல்முறையாக ஒரு நிரந்தரப் பதவியை உண்டாக்கியது. சிரேஷ்ட இளைஞர் அபிவிருத்தி உத்தியோகத்தர். திட்டம் வந்தாலும் போனாலும் ஆள் இருப்பார். விண்ணப்பத்தில் பட்டம் வேண்டும் என்றுதான் முதலில் எழுதியிருந்தது. முகாமையாளர் ஸஹ்லா சண்டை பிடித்து, "பட்டம் அல்லது இருபது வருட அனுபவம்" என்று மாற்றவைத்தாள். ஹட்டன் டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் நஸீரின் மகள் அவள், முப்பத்தொரு வயது, பேராதனையில் படித்தவள். செல்லசாமி ஓட்டிய வேனில் ஒன்பது வயதில் சிறுவர் முகாமுக்குப் போனவள்.

"அண்ணன், இது உங்கட போஸ்ட்" என்றாள் அவள். "எங்கட ஆபீஸ் துஷாந்தும் இதுக்குப் போட்டிருக்கார். அவருக்கு டிகிரி இரிக்கு. ஆனா கள மதிப்பீட்டுக்கு அம்பது மார்க்ஸ். கொழும்புல இருந்து ஒருத்தர் வந்து ஆளாளுக்கு ஒரு சென்டரைப் பாப்பார். உங்களுக்கு நாகமலை."

"நாகமலையா?" என்றார் செல்லசாமி.

"ஏன், நல்ல சென்டர்தானே? இருபத்திநாலு பேர், எல்லா கிழமையும் வரவு தொண்ணூறுக்கு மேல. எனக்கே ஆச்சரியம்."

"நல்ல சென்டர்தான் மிஸ்" என்றார். வெளியே வந்து மோட்டார் சைக்கிளின் மேல் சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார்.

நாகமலைத் தோட்டத்தின் மேற்பிரிவான மேல்டிவிசனில் பழைய பிள்ளைக்காம்பரா ஒன்று உண்டு. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம். இப்போது கீழே புதிதாகக் கட்டிவிட்டதால் இது சும்மா கிடக்கிறது. அங்கேதான் ஞாயிறுதோறும் வயரிங் வகுப்பு. ஹட்டனில் மின்சாரச் சாமான் கடை வைத்திருக்கும் அக்ரம் வந்து சொல்லிக்கொடுப்பார். பதினெட்டு முதல் இருபத்தொன்பது வயது வரை இருபத்துநான்கு பேரை ஜூன் மாதம் செல்லசாமி பதிந்தார். ஒன்றரை மாதம் ஒழுங்காக நடந்தது. பிறகு ஒவ்வொருவராகக் கொழும்புக்குப் போக ஆரம்பித்தார்கள். புடவைக்கடை, ஹோட்டல், பாதுகாப்பு வேலை. யாரைக் குற்றம் சொல்வது? பதின்மூன்று வயதில் அதே ரயிலில் போனவர்தானே அவரும்.

முதலில் போனது லெட்சுமியின் மகன் நிரோஷன். அடுத்த ஞாயிறு நிரோஷனின் இடத்தில் லெட்சுமி வந்து உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தைந்து வயது, கையில் மகனுடைய கொப்பி.

"என்னக்கா, நீங்க வந்திருக்கீங்க?" என்றார் செல்லசாமி.

"பையன் கொழும்பு போயிட்டான் சார். எடம் போயிரக்கூடாதுல்ல. அதான் நான் வந்து உக்காந்திருக்கேன்."

தோட்டம் தெரியாதவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். செல்லசாமிக்கு வேடிக்கையாக இல்லை. தோட்டத்தில் லயத்துக் காம்பரா வீட்டுக்காரரின் சொத்து அல்ல. வீட்டில் ஒரு பெயராவது தோட்டத்து வேலைப் பதிவான செக்ரோலில் இருக்கும்வரைதான் காம்பரா. அப்பனுக்கு முடியாமல் போனால் மகள் போவாள், மகளுக்குக் கல்யாணமானால் மருமகள் போவாள். காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது அந்த வீட்டுக்காக ஒரு ஆள் "இருக்கேங்க" என்று சொல்ல வேண்டும். ஆள் மாறலாம், இடம் காலியாக இருக்கக்கூடாது. ஐந்து தலைமுறையாக அவர்கள் உயிர் பிழைத்தது அந்த வழக்கத்தால்தான். ஆபீஸ்காரர்கள் இருபத்துநான்கு பெயர் எழுதிக்கொண்டு போனால், அவர்களுக்கு அது இருபத்துநான்கு வீட்டுக்குக் கிடைத்த இருபத்துநான்கு இடம்.

'இல்லைக்கா, இது அப்படி இல்லை' என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எண்பது சதவீதம் வரவு இல்லாவிட்டால் நிலையத்தை மூடச் சொல்லும் விதி ஒன்று உண்டு. மூடினால் மிச்சமிருக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்றும் இல்லை. தவிர, அன்றைக்கு முழங்கால் வலி தாங்கமுடியவில்லை. ஒரு ஞாயிறுதானே என்று விட்டார். மறு ஞாயிறு மூன்று தாய்மார் வந்தார்கள். ஒக்டோபர் பிறந்தபோது, பதிந்த இருபத்துநான்கு பேரில் ஒன்பது பேர்தான் மிச்சம். மற்றப் பதினைந்து இடத்திலும் அம்மா, அப்பா, சித்தி, மாமா. எல்லோரும் பிள்ளையின் பெயருக்கு நேரே தங்கள் கையெழுத்தைத்தான் போட்டார்கள். ஒளிக்கவில்லை. ஹட்டன் ஆபீஸில் கையெழுத்தை எண்ணினார்களே தவிர ஒருவரும் படிக்கவில்லை.

மதிப்பீட்டுக்கு ஆள் வர பத்து நாள் இருந்தது. செல்லசாமி கொழும்புக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். பதினைந்து பேரையும் கூப்பிட்டார். ஒருவன் முதலாளி விடமாட்டார் என்றான். ஒருவன் எடுக்கவே இல்லை. நிரோஷன், "சார், தீபாவளிக்குத்தான் லீவு. அம்மா வாராங்கதானே?" என்றான், அதில் என்ன சிக்கல் என்று புரியாத குரலில். அவனுக்கு முப்பது நிமிஷம் விளக்கம் சொல்லும் அளவுக்குச் செல்லசாமியிடம் மூச்சு இல்லை.

"அப்ப நான் மேல போய், அன்னைக்கு மட்டும் யாரும் வராதீங்கன்னு சொல்லிட்டு வந்திர்றேன்" என்றார் பிரியந்தியிடம்.

"ஒம்பது பேரை வச்சுக்கிட்டு என்னத்தக் காட்டப்போறீங்க?"

"ஒம்பதுன்னா ஒம்பது. காய்ச்சல்னு சொல்லுவேன்."

"பதினஞ்சு பேருக்குமா?"

மறுநாள் மேலே போய்ச் சொன்னார். லெட்சுமி தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். மாயாண்டியும் கேட்டுக்கொண்டார்; அறுபத்துமூன்று வயது, மகன் அழகனின் இடத்தில் உட்காருபவர். "சரிங்க, சரிங்க" என்றார்கள் எல்லோரும். பெரிய ஆள் வரும் நாளில் இடத்தைக் காலியாக விட்டால் என்ன நடக்கும் என்று செல்லசாமி சாருக்குத் தெரியவில்லை, பாவம், டவுன் ஆளாகிவிட்டார் என்று அவர்கள் தங்களுக்குள் பேசி முடிவெடுத்தது அவருக்குப் பிறகுதான் தெரியும்.

அந்த ஞாயிறு பத்து மணிக்கு ஜீப் வந்தது. கொழும்பு மதிப்பீட்டாளர் கண்ணாடி போட்ட, மெல்லிய குரலுள்ள மனிதர். தமிழ் தெரியாது, ஸஹ்லா மொழிபெயர்க்க வந்திருந்தாள். செல்லசாமி முன்னால் நடந்து பிள்ளைக்காம்பராவின் கதவைத் திறந்தார்.

உள்ளே இருபத்துநான்கு பேரும் இருந்தார்கள்.

ஒன்பது இளைஞர்கள் சட்டையை உள்ளே விட்டு முன் வரிசையில். பின்னால் பதினைந்து பேர், எல்லோருமே திட்டத்தின் பச்சை டீசேர்ட்டில். லெட்சுமி சேலைக்கு மேலேயே அதைப் போட்டிருந்தாள். மாயாண்டிக்கு அழகனின் டீசேர்ட் வயிற்றில் இறுகி, நெஞ்சில் 'நாளைய தலைவர்கள்' என்ற எழுத்து விரிந்து நின்றது. வெற்றிலைச் சிவப்புத் தெரியாமல் வாயை இறுக்கி மூடி, கையைக் கட்டி, பெரட்டில் நிற்பதுபோல நின்றார்.

ஸஹ்லா செல்லசாமியைப் பார்த்தாள். செல்லசாமி சுவரைப் பார்த்தார்.

மதிப்பீட்டாளர் வரவுப் பட்டியலை எடுத்து, முதல் பெயரை வாசித்தார். "அழகன்?"

"இருக்கேங்க!" என்றார் மாயாண்டி, காம்பரா அதிர.

ஸஹ்லா மெதுவாகக் கேட்டாள். "ஐயா, உங்கட பேர்..."

"அழகன்ங்க."

"வயசு?"

"இருவத்திரெண்டுங்க."

முன் வரிசையில் ஒருவன் சிரிப்பை அடக்கமுடியாமல் இருமினான். லெட்சுமி பின்னாலிருந்து, "மாமா, உங்க வயசக் கேக்குறாங்க, உங்க வயச!" என்றாள்.

"என் வயசு எதுக்கு? பேருக்கு உள்ள வயசத்தானே சொல்லணும்? கண்டாக்கையா முன்னுக்கு இப்பிடித்தானே சொல்வோம்?"

"இது கண்டாக்கையா இல்ல மாமா."

"கோட்டுப் போட்டிருக்காருல்ல?"

அக்ரம் வாசலுக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தார். மதிப்பீட்டாளர் சிரிக்கவில்லை. இப்படி எத்தனை பேர் என்று ஆங்கிலத்தில் ஸஹ்லாவிடம் கேட்டார். அவள் சொல்லத் தயங்கியபோது, லெட்சுமி எழுந்து நின்றாள்.

"சார், நாங்க ஏமாத்த வரல. புள்ளைங்க எடத்தக் காத்துக்கிட்டு இருக்கோம். அவனுங்க வந்து கேட்டா அந்த நிமிஷமே எந்திரிச்சுக் குடுத்துருவோம்."

ஸஹ்லா அதை மொழிபெயர்த்தாள். இருபத்தாறு வருடத்தில் செல்லசாமி எத்தனையோ மொழிபெயர்ப்பைக் கேட்டிருக்கிறார். சிங்களத்தில் அவரே செய்தும் இருக்கிறார். ஆங்கிலத்தில் அது எவ்வளவு சின்னதாகிவிட்டது என்பது அவருக்கு ஆங்கிலம் தெரியாமலே தெரிந்தது.

மதிப்பீட்டாளர் நியாயமானவர். அதை மறைக்கக்கூடாது. அவர் பயிற்சிப் பலகையைக் காட்டி, மாடிப்படிக்கு மேலேயும் கீழேயும் இருப்பதுபோல இரண்டு சுவிட்சில் ஒரே பல்பை எரியவைக்கச் சொன்னார். முன் வரிசையில் நான்கு பேர் செய்தார்கள். பிறகு, கேட்காமலே, லெட்சுமி முன்னால் வந்தாள். கொழுந்து கிள்ளிக் கறுத்த விரல்களால் கம்பியின் தோலை உரித்து, முறுக்கி, இரண்டு நிமிடத்தில் மாட்டி எரியவைத்தாள். பின் வரிசையில் ஆறு பேருக்கு அந்த வேலை தெரிந்திருந்தது. மாயாண்டிக்குத் தெரியாது; ஆனால் எந்தக் கம்பியைத் தொடக்கூடாது என்று எல்லோருக்கும் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மதிப்பீட்டாளர் எல்லாவற்றையும் எழுதினார். போகும்போது செல்லசாமியிடம் சிங்களத்தில், "நல்ல வேலைதான். ஆனால் இவர்கள் இளைஞர்கள் இல்லையே" என்றார்.

"ஒவ் மாத்தயா" என்று சிங்களத்திலேயே ஆமோதித்தார் செல்லசாமி. வேறு என்ன சொல்வது?

செவ்வாய்க்கிழமை காலை ஸஹ்லா அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். மேசையில் ஒரு கடிதம் தட்டச்சாகி இருந்தது.

"அண்ணன், இருங்க. கோவப்படாம கேளுங்க. நேத்து அவரோட ரெண்டு மணித்தியாலம் பேசினேன். உங்கட அனுபவத்தை அவர் மதிக்கிறார். ஒரு வழி இரிக்கு. இதுல சைன் வச்சா உங்கட மார்க்ஸைக் குறைக்கமாட்டாங்க."

செல்லசாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். அவர் வாசிப்பது மெதுவாகத்தான். ஒவ்வொரு சொல்லுக்கும் உதடு அசையும். பயிற்சி பெறுபவர்களின் குடும்பத்தினர் ஆள்மாறாட்டம் செய்து வரவுப் பட்டியலில் கையொப்பமிட்டதைத் தாம் அறிந்திருக்கவில்லை என்றும், தாம் ஏமாற்றப்பட்டதாகவும் அதில் எழுதியிருந்தது.

"இதுல சைன் வச்சா நாகமலைக்கு என்னாகும்?"

"அந்தப் பதினஞ்சு குடும்பத்தையும் அடுத்த திட்டத்துல எடுக்கமாட்டாங்க. மூணு வருஷத்துக்கு." அவள் பேனாவைத் திருப்பித் திருப்பிப் பிடித்தாள். "எனக்கும் சரியில்லைதான். ஆனா அவங்களுக்கு மூணு வருஷம். உங்களுக்கு இது கடைசி. இதுக்குப் பொறகு இப்படி ஒரு போஸ்ட் வராது, அண்ணன். எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்."

அவள் சொன்னது சரிதான். அவர் அதை ஒரு இரவு அல்ல, பல வருடங்களாக யோசித்திருக்கிறார். டிசம்பரில் இந்தத் திட்டம் முடிகிறது. ஐம்பத்துமூன்று வயதில், ஏழாம் வகுப்புச் சான்றிதழோடு, ஹட்டனில் எங்கே போய் நிற்பது? முழங்காலை வைத்துக்கொண்டு லொறி ஓட்ட முடியுமா? களைப்பு என்பது உடம்பில் மட்டும் இருப்பதில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்துபோய்விடலாம் என்று கை பேனாவைத் தேடியது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் கண் திரும்பவும் அந்தக் கடைசிச் சொல்லில் போய் நின்றது. ஏமாற்றப்பட்டதாக.

யார்? செல்லசாமியா? கொழும்புப் புறக்கோட்டையில் பதினான்கு வருடம் இருந்து ஒரு சதம் பறிகொடுக்காதவர். பதிவாளர், துரை, கட்சிக்காரன், கண்டி விரிவுரையாளர் என்று எத்தனை பேரைப் பார்த்தவர். மாயாண்டி, இரும்பு வாளியை வெள்ளி என்று சொன்னாலும் அதைச் சொல்லும்போதே சிரித்துவிடுகிற மாயாண்டி, இவரை ஏமாற்றினார் என்று கொழும்பு ஆபீஸ் கோப்பில் எழுதி வைத்திருக்க வேண்டுமா? இருபத்தாறு வருடத்துக்கு அதுவா மிச்சம்?

நல்ல மனம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நல்ல மனமும் கொஞ்சம் இருந்திருக்கலாம். பெரும்பகுதி கர்வம். வாழ்நாள் முழுக்க அவரைப் பெரிய பேச்சுப் பேசவைத்த அதே கர்வம், அன்றைக்கு ஒரு நல்ல காரியத்துக்கு உதவியது, அவ்வளவுதான்.

"மிஸ், என்னைய யாரும் ஏமாத்தல" என்றார்.

"அண்ணன்..."

"எனக்கு முதல் நாளே தெரியும். தெரிஞ்சுதான் விட்டேன். ஒரு வெள்ளத்தாள் குடுங்க."

"நீங்க எழுதப்போறதை நான் அனுப்பத்தான் வேணும். விளங்குதா?"

"விளங்குது. அனுப்புங்க."

அவர் எழுத நேரம் எடுத்தது. எழுத்து அவருக்கு எப்போதும் வண்டி ஓட்டுவதைவிடக் கஷ்டம். நாகமலை மேல்டிவிசனில் பிள்ளைகள் இடத்தில் பெற்றோர் வந்தது தனக்குத் தெரியும், அவர்கள் தோட்டத்து வழக்கப்படி வந்தார்கள், அது தவறு என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, சொல்லவேண்டிய பொறுப்பு தன்னுடையது, தான் அதைச் செய்யவில்லை. ஐந்து வரி. இரண்டு இடத்தில் வெட்டித் திருத்தினார். கீழே கையெழுத்தைப் பெரிதாகப் போட்டார்.

ஸஹ்லா அதைப் படித்தாள். திகதி முத்திரையை எடுத்து அடித்தாள். முத்திரை சரியாக விழவில்லை. இரண்டாம் முறை அடிக்க வேண்டியிருந்தது. "சரியான பிடிவாதம் அண்ணன் உங்களுக்கு" என்றாள்.

"பிடிவாதம் இல்லாட்டி நான் இன்னும் கோப்பை கழுவிக்கிட்டு இருப்பேன் மிஸ்."

"இப்ப என்ன கிடைச்சிச்சு?"

எழும்பும்போது நாற்காலியின் கையைப் பிடித்துத்தான் எழும்ப முடிந்தது.

நவம்பர் கடைசியில் கடிதம் வந்தது. பதவி துஷாந்துக்கு. துஷாந்த் வந்து கையைப் பிடித்து, "சொரி அண்ணே" என்றான். "நல்லா செய்யி. முழங்காலக் கவனிச்சுக்க" என்றார் செல்லசாமி. நாகமலையின் பதினைந்து குடும்பங்களின் பெயர்களும் அடுத்த திட்டத்துப் பட்டியலில் இருந்தன, வயது வரம்போடு. லெட்சுமிக்கு அதில் இடமில்லை. நிரோஷனுக்கு இருக்கிறது, அவன் திரும்பி வந்தால்.

பிரியந்தி அன்றைக்குச் சண்டை போடவில்லை. "உங்களுக்குப் பதவிய விட உங்க வாய்தான் பெருசு" என்றாள். சோற்றைப் போட்டுவிட்டுச் சிறிது நேரம் கழித்து, "வச்சிருந்தாலும் உங்களால ஏற முடியாது அந்த மலைய" என்றாள். அது ஆறுதலா, குத்தலா என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

டிசம்பரின் கடைசி ஞாயிறு, அவருடைய கடைசி வேலை நாளுக்கு மூன்று நாள் முன்பு, வகுப்பை முடித்துவைக்க நாகமலைக்கு ஏறினார். மேல்டிவிசனில் யாருக்கும் அவர் வேலை போகும் விஷயம் தெரியாது. அவர் சொல்லவும் இல்லை. சொன்னால் பதினைந்து வீட்டிலும் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும், அதற்குத் தெம்பில்லை. அடுத்த திட்டத்தில் பிள்ளைகளின் இடத்தில் பெற்றோர் வரக்கூடாது என்று ஆபீஸ் சொல்லச் சொல்லியிருந்தது. அதையும் வகுப்பு முடிந்தபிறகு சொல்லலாம் என்று வைத்துக்கொண்டார்.

பிள்ளைக்காம்பராவில் வழக்கம்போல எல்லோரும் இருந்தார்கள். அக்ரம் ஒரு பழைய மீற்றர் பெட்டியைத் திறந்துபோட்டிருந்தார். செல்லசாமி பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்து ஒரு நீள மரவாங்கில் உட்கார்ந்து காலை நீட்டினார். இருபத்தாறு வருடத்தில் ஒரு வகுப்பிலும் அவர் உட்கார்ந்து பார்த்ததில்லை. நிற்பார், நடப்பார், நடுவில் புகுந்து கதை சொல்வார்.

கண் எப்போது மூடியது என்று தெரியாது. தன் குறட்டைச் சத்தத்திலேயே விழித்தார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. லெட்சுமியும் மாயாண்டியும் ஒரு சிவப்புக் கம்பிக்காகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அதத் தொடாதீங்க மாமா!"

"நான் தொடல, காட்டுறேன்!"

"காட்டுறதுக்கு எதுக்கு வெரல உள்ள விடுறீங்க?"

வகுப்பு முடிய இன்னும் அரை மணி நேரம் இருந்தது. எழுந்து ஆபீஸ் சொல்லச் சொன்னதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். முழங்கால் மறுத்தது. செல்லசாமி மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.